டாக்டர் ஹூவின் சிறந்த கதை எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாக்டர் ஹூ ரசிகர்கள் கூடும் இடங்களில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. கதைகளின் முடிவுகளையும் சொல்லியிருக்கிறேன். இன்னும் எதையும் பார்க்காதவர்கள் முதல் கேள்வியைப் படித்துவிட்டு நேராகக் கடைசிக் கேள்விக்குப் போய்விடலாம்.

இந்தத் தொடரைப் பற்றி ஒன்றுமே தெரியாது. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1963 நவம்பர் 23 அன்று பிபிசி தொடங்கிய அறிவியல் புனைவுத் தொடர். டாக்டர் என்று மட்டும் அழைக்கப்படும் ஒரு வேற்றுக்கிரகவாசி, டார்டிஸ் என்ற ஊர்தியில் காலத்தையும் வெளியையும் கடந்து சுற்றுவார். டார்டிஸ் வெளியே பார்க்க நீல நிறப் போலீஸ் பெட்டி, உள்ளே போனால் பெரிய கப்பல். கூடவே பெரும்பாலும் பூமியிலிருந்து ஒருவரோ இருவரோ போவார்கள். சாகும் நிலை வந்தால் டாக்டரின் உடல் புதிதாக மாறிவிடும். முகமும் குணமும் மாறும், நினைவுகள் மட்டும் தொடரும். முதல் டாக்டரான வில்லியம் ஹார்ட்னெல் உடல்நலம் குன்றி 1966-ல் விலகியபோது செய்த ஏற்பாடு இது. தொடர் இத்தனை காலம் உயிரோடு இருப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

1989 டிசம்பரில் தொடர் நின்றது. 1996-ல் ஒரு தொலைக்காட்சிப் படம் மட்டும் வந்தது. 2005 மார்ச் 26 அன்று ரஸ்ஸல் டி டேவிஸ் பொறுப்பில் மீண்டும் தொடங்கியது. 1989 வரை வந்ததைப் பழைய தொடர் என்றும், 2005-லிருந்து வந்ததைப் புதிய தொடர் என்றும் இங்கே சொல்கிறேன்.

சிறந்த கதை எது என்ற விவாதம் ஏன் முடிவதே இல்லை?

இந்தத் தொடருக்கு நிலையான ஒரு வடிவம் இல்லை என்பதால். ஒரு வாரம் பாரிஸில் மோனாலிசா திருட்டு, இன்னொரு வாரம் பூட்டிய வண்டிக்குள் அடைபட்ட பயணிகளின் பயம், அடுத்து வான்கோவின் தோட்டத்தில் ஒரு மாலை. நகைச்சுவையையும் திகிலையும் சரித்திர நாடகத்தையும் ஒரே அளவுகோலில் அளக்க முடியாது. ஆகவே 'எது சிறந்தது' என்று கேட்கும் ஒவ்வொருவரும் உண்மையில் கேட்பது, 'இந்தத் தொடர் எதற்காக இருக்கிறது' என்பதைத்தான். அதற்கு ஒவ்வொரு தலைமுறையிடமும் ஒரு பதில் இருக்கிறது.

எந்தச் சூழ்நிலையில் பார்த்தோம் என்பதும் தீர்ப்பை மாற்றுகிறது. பழைய தொடரின் கதைகள் பிரிட்டனில் பெரும்பாலும் ஒருமுறை ஒளிபரப்பாகி மறைந்துவிடும். பிறகு நினைவும், டார்கெட் பதிப்பகம் வெளியிட்ட நாவல் வடிவங்களும்தான் துணை. அந்த நாவல்களில் அறுபதுக்கும் மேற்பட்டவற்றை டெரன்ஸ் டிக்ஸ் ஒருவரே எழுதினார். புத்தகத்தில் மலையளவு நின்ற அரக்கன், வீடியோ கேசட் வந்தபிறகு பார்த்தால் ரப்பர் உடை போட்ட ஆள். மதிப்பெண்கள் அப்போதே மாறத் தொடங்கின.

'கதை' என்று எதை எண்ணுவது? எபிசோடா, முழுத் தொகுப்பா?

பழைய தொடரில் 25 நிமிட எபிசோடுகள் நான்கோ ஆறோ சேர்ந்தால் ஒரு கதை. 1969-ல் வந்த 'த வார் கேம்ஸ்' பத்து எபிசோடு. புதிய தொடரில் பெரும்பாலும் 45 நிமிடத்தில் ஒரு கதை முடிந்துவிடும். சில மட்டும் இரண்டு பாகம்.

இந்தக் கணக்கிலும் தகராறு உண்டு. 1986-ல் ஒரு முழு சீசனே 'த டிரையல் ஆஃப் எ டைம் லார்ட்' என்ற ஒரே தலைப்பில் ஓடியது. அது ஒரு கதையா, நான்கா? 1979-ல் வேலைநிறுத்தத்தால் பாதியில் நின்ற 'ஷாடா' கணக்கில் வருமா? 2009-ல் வந்த 'பிளானட் ஆஃப் த டெட்' 200-வது கதை என்று கொண்டாடப்பட்டது. அதில் வரும் பேருந்துக்கு 200 என்று எண்ணே போட்டார்கள். அப்போதும் பலர் வேறு எண் சொன்னார்கள். என் வழி எளிது: ஒரு பிரச்சினை தொடங்கி முடிகிற வரை ஒரு கதை. மற்ற கணக்கெல்லாம் பட்டியல் போடுகிறவர்கள் பாடு.

வாக்கெடுப்புகளில் எது முதலிடம்?

டாக்டர் ஹூ மேகசின் வாசகர்களிடம் நடத்திய பெரிய வாக்கெடுப்புகள்தான் அதிகம் பேசப்படுபவை. 2009-ல் 200 கதைகளைத் தரவரிசைப்படுத்தினார்கள். முதலிடம் 'த கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி', இரண்டாவது 'பிளிங்க்', மூன்றாவது 'ஜெனிசிஸ் ஆஃப் த டாலெக்ஸ்'. 2014-ல், ஐம்பது ஆண்டுகளையும் சேர்த்து எடுத்தபோது 'த டே ஆஃப் த டாக்டர்' முதலிடத்துக்கு வந்தது. 'பிளிங்க்', 'ஜெனிசிஸ்' இரண்டும் அதே இடங்களில் நிற்க, 'ஆண்ட்ரோசானி' நான்காவதாக இறங்கியது.

'த டே ஆஃப் த டாக்டர்' 2013 நவம்பர் 23 அன்று 94 நாடுகளில் ஒரே நேரத்தில் ஒளிபரப்பான ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புக் கதை. டேவிட் டெனன்ட், மேட் ஸ்மித், ஜான் ஹர்ட் மூவரும் டாக்டர்களாக ஒன்றாக வருவார்கள். கடைசியில் நான்காம் டாக்டரான டாம் பேக்கரின் குரல் கேட்கும்போது கண் கலங்காத பழைய ரசிகர் யாரும் இருந்திருக்க முடியாது. ஆனால் அதற்கு விழுந்த ஓட்டில் பாதி அந்த இரவுக்கு விழுந்தது. திருவிழா முடிந்து சில ஆண்டுகள் கழித்துத் தனியாக உட்கார்ந்து பார்த்தால், நல்ல கதைதான், முதலிடத்துக்கு உரியது அல்ல.

சரி, உங்கள் தேர்வு எது?

'த கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி'. 1984 மார்ச். நான்கு எபிசோடு. எழுதியவர் ராபர்ட் ஹோம்ஸ், இயக்கியவர் கிரேம் ஹார்ப்பர். ஐந்தாம் டாக்டரான பீட்டர் டேவிசனின் கடைசிக் கதை.

டாக்டரும் பெரி என்ற கல்லூரிப் பெண்ணும் ஆண்ட்ரோசானி மைனர் என்ற கிரகத்தில் இறங்குகிறார்கள். குகையில் ஒட்டும் பஞ்சு போன்ற ஒன்றைத் தெரியாமல் தொட்டுவிடுகிறார்கள். அது ஸ்பெக்ட்ராக்ஸ். பதப்படுத்தினால் மனிதர் ஆயுளை நீட்டிக்கும், பச்சையாகத் தொட்டால் சில நாளில் ஆளைக் கொல்லும். கதை தொடங்கிச் சில நிமிடத்திலேயே இருவருக்கும் மரணம் உறுதியாகிவிட்டது. அவர்களுக்கே அது தெரியாது.

அந்தப் பொருளுக்காக அங்கே ஒரு போர் நடந்துகொண்டிருக்கிறது. மோர்கஸ் என்ற தொழிலதிபர் அரசுப் படைக்கு ஆதரவு தருகிறார். ஆயுதக் கடத்தல்காரர்கள் மூலம் எதிரிக்கும் துப்பாக்கி அனுப்புகிறார். போர் நீண்டால் விலை ஏறும், அவ்வளவுதான். எதிரியான ஷராஸ் ஜெக் ஒருகாலத்தில் மோர்கஸின் கூட்டாளி; மோர்கஸின் துரோகத்தால் முகம் வெந்து, முகமூடியோடு குகைக்குள் வாழ்கிறவன். கிறிஸ்டோபர் கேபிள் என்ற பாலே நடனக் கலைஞர் அந்த வேடத்தில் நடித்தார். முகம் தெரியாத அந்த மனிதனின் கழுத்தும் கைகளும் பேசுவதைப் பார்க்க வேண்டும்.

டாக்டர் ஹூவில் வழக்கமாக டாக்டர் வந்து இறங்கினால் ஒடுக்கப்பட்டவர்கள் எழுவார்கள், கொடுங்கோலன் வீழ்வான், கிரகம் பிழைக்கும். ஆண்ட்ரோசானியில் அவர் யாரையும் திருத்தவில்லை, எந்த அரசையும் கவிழ்க்கவில்லை. அவர் அங்கே வந்ததே அந்த மனிதர்களின் சந்தேகங்களைக் கிளறிவிட்டு, அவர்கள் ஒருவரையொருவர் கொன்று தீர்க்கப் போதுமானதாகிறது. அவர் செய்ய நினைப்பது ஒன்றே ஒன்று: பெரியைக் காப்பாற்ற வேண்டும். பெரி அவரோடு சேர்ந்து ஒரு கதைதான் ஆகியிருக்கிறது. பல ஆண்டுத் தோழமையோ காதலோ அங்கே இல்லை. தன்னால் ஆபத்தில் மாட்டிய ஒருவர், அந்தக் கடமை மட்டும்தான்.

மூன்றாம் எபிசோடின் கடைசி நிமிடங்களை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு மூச்சு முட்டும். கடத்தல்காரர்களின் கப்பலில் கட்டிப்போட்டு டாக்டரை வேறு கிரகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அவர் கட்டை அறுத்துக்கொண்டு கப்பலைத் திருப்பிவிடுகிறார். விஷம் ஏறி மயக்கம் வருகிறது, கைகள் நடுங்குகின்றன. கதவுக்கு வெளியே துப்பாக்கியோடு கடத்தல்காரர்களின் தலைவன் ஸ்டாட்ஸ். சுட்டுவிடுவேன் என்கிறான். ஏற்கெனவே செத்துக்கொண்டிருப்பவரை அந்த மிரட்டல் என்ன செய்யும்? தன் தோழியை இதில் இழுத்துவிட்டது தான்தான், அதனால் முயன்றாக வேண்டும் என்று டாக்டர் கத்துகிறார். கிரகத்தின் தரை திரை முழுவதும் விரிந்து மேலே வருகிறது. அங்கே எபிசோடு முடிகிறது. அதுவரை மென்மையானவர், பலவீனமானவர் என்று பேர் வாங்கியிருந்த டேவிசனின் டாக்டர் அந்த ஒரு காட்சியில் எல்லா டாக்டர்களையும் தாண்டிப் போகிறார்.

மருந்து, ராணி வௌவாலின் பால். காற்று இல்லாத ஆழ்குகைக்குள் போய் எடுத்து வருகிறார். டார்டிஸ் வாசலில் கொஞ்சம் சிந்திவிடுகிறது. மிஞ்சியது ஒருவருக்குத்தான் போதும். அதைப் பெரிக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுக்கிறார்.

இயக்குநராக ஹார்ப்பர் அப்போது தொடருக்குப் புதியவர். மேலே கட்டுப்பாட்டு அறையில் உட்காராமல் தளத்திலேயே நின்று நடிகர்களோடு வேலை செய்தார். மோர்கஸாக நடித்த ஜான் நார்மிங்டன் ஒரு குறிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டு கேமராவைப் பார்த்தே பேசிவிட, ஹார்ப்பருக்கு அது பிடித்துப்போய் அப்படியே தொடரச் சொன்னார். நாடக மேடையில் வில்லன் பார்வையாளரிடம் ரகசியம் சொல்வதைப் போலவே இருக்கும் அந்தப் பார்வை. பிறகு 2006-ல் புதிய தொடருக்கும் அழைக்கப்பட்டார் ஹார்ப்பர்.

குறையே இல்லையா என்றால் இருக்கிறது. குகையில் ஒரு மாக்மா மிருகம் வருகிறது. வராமலே இருந்திருக்கலாம்.

'ஹெவன் சென்ட்' அதைவிடச் சிறந்தது இல்லையா?

இன்று என்னிடம் வரும் எதிர்ப்பில் பெரும்பகுதி இதுதான், அதற்கு நல்ல காரணமும் உண்டு. 2015 நவம்பர் 28. எழுதியவர் ஸ்டீவன் மொஃபட், இயக்கியவர் ரேச்சல் டலாலே. கிட்டத்தட்ட முழு எபிசோடும் பன்னிரண்டாம் டாக்டரான பீட்டர் கபால்டி ஒருவரே. முந்தைய எபிசோடில் அவருடைய தோழி கிளாரா இறந்துவிட்டாள். கடல் சூழ்ந்த ஒரு கோட்டையில் அடைபட்டுக் கிடக்கிறார். ஈக்கள் மொய்க்கும் முக்காடு போட்ட ஓர் உருவம் மெதுவாக, நிற்காமல், அவரைத் துரத்துகிறது. உண்மை ஒன்றை ஒப்புக்கொண்டால் சற்று நிற்கும்.

கடலில் குதித்து எழுந்துவரும்போது கணப்பருகே அவர் அளவுக்கே உலர்ந்த உடைகள் காத்திருக்கின்றன. நனைந்ததைக் கழற்றி அங்கே காயப்போட்டுவிட்டு இதைப் போட்டுக்கொள்கிறார். முதல் தடவை பார்க்கும்போது இதைக் கவனிக்காமல் கடந்துவிடுவோம். கடலடியில் குவிந்து கிடக்கும் மண்டை ஓடுகள் யாருடையவை என்று தெரிந்ததும் அந்த உடைகளின் அர்த்தம் பளிச்சென்று உறைக்கும். அவர் இங்கே பலமுறை வந்திருக்கிறார், பலமுறை இறந்திருக்கிறார். வெளியேற ஒரே வழி, வைரத்தைவிடப் பலமடங்கு கடினமான, 20 அடி கனமான ஒரு சுவர். கையால் குத்துகிறார். சில குத்து, பிறகு சாவு, பிறகு தன்னையே எரித்து மறுபடி உருவாகி மறுபடி அந்தச் சுவர். 450 கோடி ஆண்டுகள்.

அந்தக் காட்சியில் அவர் சொல்வது கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதை: வைர மலையில் நூறு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு குருவி வந்து அலகு தீட்டும், மலை முழுதும் தேய்ந்தால் நித்தியத்தின் முதல் நொடி முடியும். புத்தரின் உரைகளிலும் இதற்கு உறவான ஒன்று உண்டு: மலையை நூறு ஆண்டுக்கு ஒருமுறை காசிப் பட்டால் ஒருவன் தடவுவான், மலை தேய்ந்துவிடும், கற்பம் தேயாது. நம் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கால அளவு புதிதல்ல. அதனால்தானோ என்னவோ இந்த எபிசோடு நமக்கு இன்னும் ஆழமாக இறங்குகிறது.

தனி எபிசோடு என்று கேட்டால் தொடரின் உச்சம் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். கதை என்று கேட்டால் இல்லை. அதன் துக்கம் முந்தைய எபிசோடிலிருந்து கடன் வாங்கியது. அடுத்த எபிசோடான 'ஹெல் பென்ட்'டில் கிளாராவைச் சாவுக்கு முந்தைய நொடியிலிருந்து வெளியே எடுத்துவிடுகிறார்கள். 450 கோடி ஆண்டு இடித்த சுவருக்கு அது சரியான விலையா? ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்பது அங்கேதான். ஆண்ட்ரோசானியின் விலையை யாரும் திருப்பித் தருவதில்லை. அந்த டாக்டர் போய்விட்டார்.

'பிளிங்க்'கில் டாக்டரே அதிகம் வரமாட்டாரே. அதை எப்படிச் சிறந்த கதை என்பது?

இரண்டு எபிசோடுகளை ஒரே சமயத்தில் படமாக்க வேண்டிய நெருக்கடியில் டாக்டருக்குக் குறைந்த வேலை வைத்து எழுதப்பட்டது அது. 2007 ஜூன் 9. நாயகி சாலி ஸ்பாரோவாக கேரி மல்லிகன். பார்க்கும்போது கல்லாக உறைந்து, பார்வை விலகியதும் பாயும் தேவதைச் சிலைகள். அவை தொட்டால் ஆள் சாகமாட்டார். பழைய காலத்துக்குத் தூக்கி எறியப்பட்டு அங்கேயே வாழ்ந்து முடிப்பார். அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது அடுத்த ஆண்டே கிடைத்தது என்பதல்ல என் காரணம். எனக்குப் பிடித்தது வேறு. திரையில் ஒரு பாத்திரமும் சிலையைப் பார்க்காத நொடியிலும் சிலை நம் கண்முன் அசைவதில்லை. நாமும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் அல்லவா? இயக்குநர் ஹெட்டி மெக்டொனால்ட் பார்வையாளரையும் காவலுக்கு நிறுத்திவிட்டார்.

டாக்டர் இல்லாமலும் டாக்டர் ஹூவாகவே இருக்கிற கதை. ஆனால் முதலிடத்தில் இருக்கும் கதை டாக்டரைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம்.

'ஜெனிசிஸ் ஆஃப் த டாலெக்ஸ்' இன்றைக்கும் தாங்குமா?

தாங்கும். ஆறு எபிசோடில் நடுவே கொஞ்சம் ஓட்டமும் பிடிபடுதலும் அதிகம், ராட்சதச் சிப்பிகள் பரிதாபம். மற்றபடி 1975-ல் எவ்வளவு கனமாக இருந்ததோ அவ்வளவு கனம். டாலெக்குகள் டாக்டரின் பரம எதிரிகள். அவை உருவாகாமல் தடுக்க அவரை அவை பிறக்கும் காலத்துக்கே அனுப்புகிறார்கள். இரண்டு கம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தொட்டுவிட்டால் டாலெக் கருக்கள் அழியும், வரப்போகும் கோடிக்கணக்கான சாவு நிற்கும். எனக்கு அந்த உரிமை உண்டா என்று கேட்கிறார் டாம் பேக்கர், குரலை உயர்த்தாமல்.

நான் அதைவிட மேலாக வைப்பது, கதைக்குள் டாலெக்குகளை உருவாக்கும் விஞ்ஞானியான டாவ்ரோஸ் வரும் காட்சி. எல்லா உயிரையும் கொல்லும் கிருமி ஒன்று உன்னிடம் இருந்தால் பயன்படுத்துவாயா என்று டாக்டர் கேட்க, டாவ்ரோஸ் அந்தக் கற்பனைக் குப்பியை விரல்களுக்கிடையே பிடித்துப் பார்த்து, மெல்ல அதிலேயே மயங்கி, ஆம் என்கிறான். டாவ்ரோஸாக நடித்த மைக்கேல் விஷரின் முகம் முழுக்க முகமூடிக்குள். நடிப்பு முழுவதும் குரலிலும் ஒரே கையிலும்தான். டாலெக்குகளைப் படைத்த எழுத்தாளர் டெரி நேஷன் இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சிறுவன். சல்யூட்டும் கறுப்புச் சீருடையும் அங்கிருந்து வந்தவை.

பிபிசி அழித்துவிட்ட எபிசோடுகளை எப்படி மதிப்பிடுவது?

1960-களின் பிற்பகுதியிலிருந்து 1978 வரை பிபிசி பழைய நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது. வெளிநாட்டு விற்பனைக்கு எடுத்த பிலிம் பிரதிகளையும் தூக்கிப் போட்டது. முதல் இரண்டு டாக்டர்களின் கதைகள்தான் பெரும்பாலும் பலி. நல்லவேளையாக, ஒளிபரப்பானபோதே வீட்டில் ரசிகர்கள் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார்கள். அதனால் தொலைந்த எல்லா எபிசோடுகளுக்கும் ஒலி இருக்கிறது. 2016-ல் 'த பவர் ஆஃப் த டாலெக்ஸ்' அந்த ஒலியைக் கொண்டே அனிமேஷனாக வந்தது.

கிடைத்த பிறகு என்ன ஆகிறது என்பதற்கு இரண்டு உதாரணம். 'த டூம் ஆஃப் த சைபர்மென்' தொலைந்திருந்தவரை மகா காவியம். 1991-ன் கடைசியில் ஹாங்காங்கில் கிடைத்து எல்லாரும் பார்த்ததும், நல்ல கதைதான், ஆனால் அவ்வளவு இல்லையே என்ற பேச்சு எழுந்தது. 'த எனிமி ஆஃப் த வேர்ல்ட்' நேர் எதிர். எஞ்சியிருந்த ஒரே எபிசோடை வைத்து அலுப்பு என்று ஒதுக்கியிருந்தார்கள். நைஜீரியாவில் கிடைத்த பிரதிகள் 2013 அக்டோபரில் வெளிவந்தபோது, டாக்டராகவும் சாலமாண்டர் என்ற சர்வாதிகாரியாகவும் பேட்ரிக் டிராட்டன் செய்த இரட்டை வேடத்தைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள். ஒலி மட்டும் கேட்டால் அது எப்படித் தெரியும்? அந்தக் கண்டெடுப்புக்குப் பிறகும் 97 எபிசோடுகள் இல்லாமல் இருந்தன. 1964-ன் 'மார்கோ போலோ' ஏழு பாகமும் ஒருநாள் கிடைக்க வேண்டும் என்பது என் தீராத ஆசை.

வந்தபோது திட்டு வாங்கி, பிறகு கொண்டாடப்பட்ட கதைகள் உண்டா?

'த டெட்லி அசாசின்', 1976. டாக்டரின் சொந்தக் கிரகத்தைக் காட்டிய கதை. அவருடைய இனத்தவரான டைம் லார்டுகள் தேவர்களைப் போல இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ராபர்ட் ஹோம்ஸ் காட்டியது, பதவிச் சண்டை போடும் கிழட்டு அதிகாரிகளை. ரசிகர் சங்கத்தின் தலைவரே தொடரின் மாயம் எங்கே போயிற்று என்று கோபப்பட்டு எழுதினார். இன்று டைம் லார்டுகளைப் பற்றி ரசிகர்கள் மேற்கோள் காட்டும் விதிகளில் பல, அதிகபட்சம் பன்னிரண்டு முறை உடல் மாறலாம் என்பது உட்பட, அந்தக் கதையில் வந்தவை.

அப்புறம் 'கிண்டா', 1982. கிறிஸ்டோபர் பெய்லி பௌத்தத்திலிருந்து எடுத்து எழுதினார். பன்னா, கருணா, மாரா என்றுதான் பாத்திரங்களின் பெயர்களே. வந்தபோது கண்ணில் பட்டது கடைசியில் வரும் இளஞ்சிவப்பு ரப்பர் பாம்பு மட்டும்தான். கதை என்ன சொல்கிறது என்று நின்று கேட்டவர்கள் பின்னால் வந்தார்கள்.

கொண்டாடப்பட்டு, இப்போது நெருடுகிற கதை?

'த டேலன்ஸ் ஆஃப் வெங்-சியாங்', 1977. 2009, 2014 இரண்டு வாக்கெடுப்பிலும் முதல் பத்துக்குள் இருந்தது. விக்டோரியா காலத்து லண்டன், மூடுபனி, நாடகக் கொட்டகை, வசனம், எல்லாம் அருமை. ஆனால் முக்கியச் சீனப் பாத்திரத்தில் ஒப்பனை போட்ட வெள்ளைக்கார நடிகர். சீனர்களைப் பற்றி ஏளனமாகப் பேசும் வசனங்களை டாக்டர் மறுப்பதுகூட இல்லை. 'அந்தக் காலம் அப்படி' என்ற பதில் எனக்குப் போதாது. நம்மைப் போன்றவர்களை இதே மாதிரி திரையில் காட்டியபோது நமக்கு என்ன பட்டது என்று நமக்குத் தெரியும். அதன் கலைநேர்த்தியை மறுக்கமாட்டேன். என் முதல் பத்தில் இடம் தரமாட்டேன்.

இந்தியாவோடு தொடர்புள்ள கதை ஏதாவது?

முதல் எபிசோடே. 'அன் அனர்த்லி சைல்ட்' இயக்குநர் வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் என்ற இளம்பெண். 1963-ன் பிபிசியில் இவர்கள் இருவரையும் நம்பி ஒரு தொடர் ஒப்படைக்கப்பட்டது சாதாரண விஷயமல்ல. கென்னடி கொல்லப்பட்ட மறுநாள் ஒளிபரப்பானதால், அடுத்த வாரம் அதை மறுபடி ஒருமுறை போட்டார்கள்.

கதையளவில் 'டீமன்ஸ் ஆஃப் த பஞ்சாப்'. 2018 நவம்பர் 11, எழுதியவர் வினய் படேல். பதின்மூன்றாம் டாக்டராக ஜோடி விட்டேக்கர். அவருடைய தோழி யாஸ் தன் பாட்டியின் இளமையைப் பார்க்க ஆசைப்பட்டு 1947 ஆகஸ்ட் பஞ்சாபுக்குப் போகிறாள். பாட்டி உம்ப்ரீன் முஸ்லிம். மணக்கப் போகிற பிரேம் இந்து, உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகச் சண்டையிட்டவன். வேற்றுக்கிரகக் கொலைகாரர்கள் என்று நாம் பயப்படுகிறவர்கள், யாருமற்றுச் சாகிறவர்களுக்கு அருகில் நின்று அஞ்சலி செலுத்த வந்தவர்கள். பிரேமைக் கொல்லக் கூட்டத்தைக் கூட்டி வருவது அவன் கூடப்பிறந்த தம்பி. டாக்டர் தடுக்க முடியாது. தடுத்தால் யாஸ் பிறக்கவே மாட்டாள். முதுகைக் காட்டி நடக்கிறார்கள், பின்னால் துப்பாக்கிச் சத்தம் மட்டும். பிரிவினையைப் பற்றி பிரிட்டிஷ் தொலைக்காட்சி குடும்பத்தோடு பார்க்கும் நேரத்தில் இவ்வளவு நேர்மையாகப் பேசியது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. அந்த டாக்டரின் காலத்தை மட்டமாகப் பேசுகிறவர்களிடம் முதலில் இதைத்தான் நீட்டுவேன்.

எல்லாவற்றிலும் மோசமான கதை?

2009, 2014 இரண்டிலும் கடைசி இடம் 'த ட்வின் டைலெமா'வுக்கு. ஆறாம் டாக்டர் காலின் பேக்கரின் முதல் கதை. பெரியின் கழுத்தை நெரிக்கிறார் புது டாக்டர். ஆண்ட்ரோசானி முடிந்த அடுத்த வாரமே இது ஒளிபரப்பானது. அவளுக்காக உயிரைக் கொடுத்தவரின் கை அதே கழுத்தில்! காலின் பேக்கர் நல்ல நடிகர், பிறகு ஒலி நாடகங்களில் அதை நிரூபித்தார். அவருக்கு நடந்தது அநியாயம்.

ரசிகர்களின் வாதங்கள் தொடரை மாற்றியதுண்டா?

உண்டு, ஏனென்றால் வாதாடியவர்களே பிறகு தொடரை எழுதினார்கள். 1986-ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இளம் ரசிகர் ஒருவர் அப்போதைய சீசனை எழுத்தாளர்கள் முன்னிலையிலேயே குறை சொன்னார். அவர் கிறிஸ் சிப்னல். 2018 முதல் 2022 வரை தொடரின் பொறுப்பாளர். 15 வயதில் பீட்டர் கபால்டி ரேடியோ டைம்ஸ் இதழுக்கு எழுதிய ரசிகர் கடிதம் 1974-ல் அச்சானது.

சிப்னலே பெரிய சண்டை ஒன்றையும் தொடங்கி வைத்தார். 2020 மார்ச்சில் வந்த 'த டைம்லெஸ் சில்ட்ரன்', ஹார்ட்னெலுக்கு முன்பே டாக்டருக்குப் பல பிறவிகள் இருந்ததாகச் சொன்னது. புனிதம் கெட்டுவிட்டது என்றார்கள். 1976-ன் 'த பிரெய்ன் ஆஃப் மார்பியஸ்' கதையிலேயே ஹார்ட்னெலுக்கு முந்தைய முகங்கள் திரையில் வந்தாயிற்று. டைம் லார்ட் என்ற பெயரே தொடங்கி ஆறாம் ஆண்டில், 'த வார் கேம்ஸ்'ஸில்தான் வந்தது. எனக்கு அந்தக் கதையில் குறை, அது மாற்றியது அல்ல. டாக்டரை நிற்க வைத்து வேறொருவர் விளக்கிக்கொண்டே போவதுதான்.

புதிதாகப் பார்க்கிறவர் எங்கிருந்து தொடங்கலாம்?

ஆண்ட்ரோசானியிலிருந்து வேண்டாம். டாக்டர் வழக்கமாக வெல்கிறவர் என்று தெரிந்தபிறகுதான் அது வலிக்கும். முதலில் 'பிளிங்க்', முன்கதை எதுவும் தேவையில்லை. பிடித்தால் 2005-ன் 'ரோஸ்' எபிசோடுக்குப் போய் வரிசையாகப் பாருங்கள். அதே சீசனில் 'தி எம்ப்டி சைல்ட்' வரும்வரை கைவிடாதீர்கள். மனது சரியில்லாத நாளில் 2010-ன் 'வின்சென்ட் அண்ட் த டாக்டர்' வேண்டாம். நல்ல நாளில், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு பாருங்கள்.

பழைய தொடருக்கு 'சிட்டி ஆஃப் டெத்', 1979. டக்ளஸ் ஆடம்ஸின் கைபட்ட வசனம், உண்மையான பாரிஸ் தெருக்கள், நான்கே எபிசோடு. சிரித்துக்கொண்டே பழைய தொடரின் வேகத்துக்குப் பழகிவிடலாம். ஒரே இரவில் எல்லாவற்றையும் போட வேண்டாம். நாளைக்கு ஒரு எபிசோடு போதும். அது முடிந்ததும் 'ஜெனிசிஸ்', பிறகு டேவிசனின் சில கதைகள், பிறகு 'பிளானட் ஆஃப் ஃபயர்'. அதில்தான் பெரி அறிமுகம். அதற்கு அடுத்தது ஆண்ட்ரோசானி. பார்த்து முடித்ததும் உங்கள் பட்டியலை எனக்குச் சொல்லுங்கள். 'ஹெவன் சென்ட்' மேலே இருந்தாலும் பரவாயில்லை, பேசுவோம்.